எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் வரலாறு: எங்கே தேடுவது, எங்கிருந்து தொடங்குவது?

தேரிமணல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சாத்தான்குளம் வட்டாரத்தில் தேரிக்காட்டு ஓரமாக இருக்கிற ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. ஊர் பெயரை இங்கே எழுதவில்லை, பேச்சு இன்னும் சபைக் கமிட்டியில் நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் இப்போது நூறு வீடு தேறாது, மற்றவர்கள் சென்னை, மும்பை, வளைகுடா என்று போய்விட்டார்கள், ஆனால் கல்லறைத் தோட்டம் மட்டும் பெரியது.

கிழக்குப் பாதி முழுக்கக் கட்டிய கல்லறைகள். கிரானைட், டைல்ஸ், போட்டோ பதித்தது என்று எல்லாம் கடந்த நாற்பது ஐம்பது வருஷத்துக்குள் வந்தவை. மேற்குப் பாதியில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. உள்ளே நுழைந்து பார்த்தால் சுண்ணாம்பில் கட்டிய பழைய கல்லறைகள் கொஞ்சம், பாதி மணலுக்குள் போயிருக்கின்றன. மற்ற இடம் பார்வைக்கு வெறும் தரை.

இப்போது சபையில் காம்பவுண்டு சுவர் கட்ட முடிவாகியிருக்கிறது. நல்ல விஷயம்தான், நானும் பணம் கொடுத்திருக்கிறேன். ஆனால் கூடவே மேற்குப் பாதியை ஜேசிபி விட்டுச் சுத்தம் பண்ணி, மட்டம் தட்டி, அடக்கத்துக்கு வருகிற வண்டிகள் நிற்க இடம் பண்ணலாம் என்கிறார்கள். "அங்கே யாரும் இல்லை, வெறும் உடங்காடு (முள்காடு)" என்பது அவர்கள் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாந்திபேதி வந்த வருஷத்தில் செத்தவர்களை மேற்கே பாயோடு புதைத்தார்கள், பெட்டி அடிக்கக்கூட ஆள் இல்லை என்று எங்கள் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன், அதுவும் அவர்கள் தங்கள் ஆச்சியிடம் கேட்டது. அது மட்டுமில்லை, அந்த வெறும் தரையில் நித்தியகல்யாணிச் செடிகள் ஒழுங்கான இடைவெளியில் வரிசை வரிசையாக நிற்கின்றன. தானாக முளைத்தது அப்படி நிற்காது.

பழைய கல்லறைகளில் ஒன்றில் மட்டும் எழுத்து தெரிகிறது. பெயர் தேய்ந்துவிட்டது, "பாக்கியம்" என்று முடிகிற மாதிரி இருக்கிறது. அதற்குக் கீழே இப்படி ஒரு வரி: ௲௫௰௨ ௵ மாசி ௴ ௰௪ ௳. பார்த்துப் பார்த்து அதே எழுத்துகளைத் தேடிப் பிடித்து இங்கே போட்டிருக்கிறேன். எண் என்று புரிகிறது, எந்த வருஷம் என்று புரியவில்லை.

நான் கேட்பது இதுதான். இந்தத் தோட்டம் எப்போது தொடங்கியது, மேற்கே இருப்பவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? சுவர் வேலை தொடங்குவதற்குள் கமிட்டியிடம் காட்ட ஏதாவது கையில் வேண்டும். சும்மா "பழசு, விட்டுவிடுங்கள்" என்றால் கேட்க மாட்டார்கள்.

---

கல்லெழுத்து எழுதியது:

தம்பி, நீங்கள் போட்ட வரி அருமையான வரி. ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது, ௨ இரண்டு. ஆக 1052-ஆம் வருஷம், மாசி மாதம் 14-ஆம் தேதி. இது கிறிஸ்து வருஷம் இல்லை, கொல்லம் ஆண்டு. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பத்திரம், ஓலை, கல் எல்லாவற்றிலும் கொல்லம்தான் வழக்கு, கிறிஸ்தவக் கல்லறையாக இருந்தாலும் ஊர்க் கொத்தனார் தனக்குத் தெரிந்த கணக்கில்தான் வெட்டுவார். நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரைக்கும் 824 கூட்டவேண்டும், அதற்கு மேல் ஆடி முடிய 825. மாசி என்பதால் 1052 + 825 = 1877. பிப்ரவரி கடைசி வாரம் வாக்கில் வரும்.

இப்போது அந்த வருஷத்தைப் பாருங்கள். 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாடு முழுக்கப் பேச்சில் நிற்கிறதே, அதே பஞ்சம்தான். மதராஸ் மாகாணத்தில் அது 1878 வரை இழுத்தது, பஞ்சத்தின் பின்னாலேயே காலராவும் காய்ச்சலும் வந்தன. உங்கள் ஆச்சி சொன்ன வாந்திபேதி அந்த வருஷம்தான் என்று இந்த ஒரு கல்லை வைத்துச் சொல்லிவிட முடியாது. காலரா 1817-க்குப் பிறகு அந்த நூற்றாண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனால் எந்த மாதத்துப் பதிவேட்டை முதலில் புரட்டவேண்டும் என்று இந்தக் கல் காட்டிவிட்டது, அது பெரிய விஷயம்.

இன்னொன்று. பஞ்சத்தில் சுண்ணாம்புக் கல்லறை கட்டி, கல் வெட்டி வைக்க முடிந்த குடும்பம் ஊரில் ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். ஒரு கல் நிற்கிறது என்றால் அதைச் சுற்றிக் கல் வைக்க வழியில்லாதவர்கள் பலர் இருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

மற்ற கல்லறைகளிலும் எழுத்து இருக்கக்கூடும், மேலே பல தடவை வெள்ளை அடித்திருப்பார்கள். தயவுசெய்து கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். பழைய சுண்ணாம்புக் காரை மெத்தென்று இருக்கும், கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைத்த காரையாக இருந்தாலும் வெயிலும் உப்புக்காற்றும் பட்டு மேல்தோல் உதிர்கிற நிலையில்தான் இருக்கும். நாருப் பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போதும். படிக்கிறதற்கு நேரம் முக்கியம். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. காலையில் சூரியன் கிளம்பும்போது, அல்லது இருட்டின பிறகு டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லை ஒட்டியே பிடித்தால், வெட்டு இருக்கிற இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள். ணா, றா, னா, ணை, லை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும், 1978-இல் அரசு எழுத்தை மாற்றும் முன்பு அச்சில் இருந்த அதே வடிவம்தான். கல்லில் புள்ளி வைக்காமலும் வெட்டியிருப்பார்கள், க-வா க்-கா என்று வாசித்துப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும்.

உடைந்த கல்லறையைச் சிமெண்ட் பூசிச் சரிபண்ணலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். சிமெண்ட் உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாது, கொஞ்ச வருஷத்தில் பழைய காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

---

மெஞ்ஞானபுரத்துப் பேத்தி எழுதியது:

கல்லெழுத்து அண்ணாச்சி கல்லைச் சொல்லிவிட்டார், நான் தாளைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஊர் அந்தக் காலத்தில் எந்த மிஷனைச் சேர்ந்தது என்று பாருங்கள். திருநெல்வேலியில் இது முக்கியம். முதலூர், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. பக்கம். மெஞ்ஞானபுரம், டோனாவூர், சாத்தான்குளம் சி.எம்.எஸ். பக்கம். இரண்டும் இங்கிலாந்து மிஷன் சங்கங்கள். அடுத்தடுத்த ஊராக இருந்தும் வேறு வேறு மிஷனாக இருக்கும். எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்திலும், சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் ஒரு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்தக் காலத்து மிஷன் பத்திரிகைகள் பல ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள், வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது முதலில் அதெல்லாம் இல்லை. சேகரத் தலைமையிடத்தில் (பல ஊர்ச் சபைகளை ஒரு குருவானவர் கவனிக்கிற வட்டம்தான் சேகரம்) இருக்கிற அடக்கப் பதிவேடு. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று மூன்றும் இருக்கும், பெரும்பாலும் குருவானவர் வீட்டு இரும்புப் பெட்டியிலோ கோயில் வெஸ்ட்ரி அறை அலமாரியிலோ. அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தொழில், ஊர், இறந்த நாள், அடக்க நாள், அடக்கம் நடத்தியவர் கையெழுத்து இருக்கும். எங்கள் சேகரத்தில் ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்கத் தொழில் கட்டத்தில் "பனையேற்றம்", "பனையேற்றம்" என்று மேலிருந்து கீழே ஒரே கையெழுத்து, வயதுக் கட்டத்தில் 2, 4, 1, 30, 6. கொள்ளைநோய் வந்த மாதம் அது என்று சொல்லாமலே தெரிந்தது. உங்கள் சேகரத்திலும் 1877 பிப்ரவரி, மார்ச்சைத் திறந்து பாருங்கள். பெண்களுக்குக் கல்லில் பெரும்பாலும் "இன்னார் மனைவி" என்றுதான் இருக்கும், பதிவேட்டில்தான் சொந்தப் பெயர் கிடைக்கும். அந்த "பாக்கியம்" யார் என்று நிச்சயம் வரும்.

1877 நம் பக்கத்துச் சபைகளுக்கு வேறு விதத்திலும் முக்கியமான வருஷம். அந்த மார்ச் 11-ஆம் தேதிதான் மிஷனரிகளான கால்டுவெல்லும் சார்ஜெண்டும் கல்கத்தாவில் ஆயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். பஞ்சத்தின்போதும் அதற்குப் பிறகும் ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள், கஞ்சித்தொட்டி பற்றியும் நோய் பற்றியும் மிஷனரிகள் நிறைய எழுதினார்கள். ஆகவே உங்கள் ஊர் பற்றி ஒரு வரியாவது எங்காவது கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

தோட்டம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். முதலூர் 1799-இல் உண்டானது. சாத்தான்குளம் பகுதியைச் சேர்ந்த தாவீது சுந்தரானந்தம், ஊரைவிட்டு விரட்டப்பட்ட புது விசுவாசிகளுக்காக நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர், நம் சீமையில் அப்படி வந்த முதல் கிறிஸ்தவக் குடியிருப்பு. அப்படிக் குடியேறிய இடத்தில் கோயிலுக்குக் கூரை போடுவதற்கு முன்பே கல்லறைக்கு இடம் தேவைப்பட்டிருக்கும், ஏனென்றால் பழைய ஊர் இடுகாட்டில் விடமாட்டார்கள். உங்கள் ஊர் முதலூரை ஒட்டியது என்றால் 1800-களின் தொடக்கத்தையும் ஒதுக்காதீர்கள். மிஷனரிகள் 1800-இல் யெனிக்கே, 1803-இல் கெரிக்கே என்று வரிசையாக இறந்துபோனார்கள், 1820-இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வரும்வரை சபைகளைக் கவனிக்க ஆட்கள் மிகக் குறைவு. அந்த இடைவெளியில்தான் 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி முழுக்க ஒரு கொடிய காய்ச்சல் அடித்தது, கம்பெனி அரசாங்கமே குழு வைத்து விசாரித்த அளவுக்கு. அந்தக் காலத்துக்கு ஊர் அளவில் பதிவேடு கிடைப்பது அரிது, மண்தான் சாட்சி. அதனால்தான் மண்ணைத் தொடவிடக் கூடாது என்கிறேன்.

"கல் இல்லை, அதனால் ஆள் இல்லை" என்று கமிட்டியில் யாராவது சொன்னால் டோனாவூரைச் சொல்லுங்கள். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1951 ஜனவரியில் இறந்தார். தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார், அங்கே அடக்கம் செய்யப்பட்ட யாருக்கும் கல் கிடையாது, எல்லாம் மரத்தடி மண்தான். பிள்ளைகள் அவர் இருக்கும் இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, தாங்கள் அவரை அழைத்த பெயரை மட்டும் வெட்டினார்கள். அந்தத் தோட்டத்தை வெறும் தரை என்று யாராவது சொல்வார்களா?

---

லயத்துப் பிள்ளை எழுதியது:

நான் உங்கள் மாவட்டம் இல்லை, மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவன். ஆனால் எங்கள் தாத்தா கயத்தாறு பக்கத்திலிருந்து போனவர், அதனால் இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

மூணாறு போகிறவர்கள் எல்லோரும் அங்கே குன்றின் மேல் இருக்கிற சி.எஸ்.ஐ. கோயிலையும் அதன் கல்லறையையும் பார்ப்பார்கள். கோயில் வருவதற்கு முன்பே கல்லறை வந்துவிட்டது. எலினார் இசபெல் மே என்கிற இளம்பெண், எஸ்டேட் மேனேஜராக இருந்த ஹென்றி நைட்டின் மனைவி, கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே 1894 டிசம்பரில் காலராவில் இறந்துபோனார். அந்த இடத்தின் அழகைப் பார்த்துவிட்டு "நான் செத்தால் இங்கேதான் புதைக்கவேண்டும்" என்று சொன்னாராம், அப்படியே புதைத்தார்கள். கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டது 1910-இல். கைடுகள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள், கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும், அதில் தப்பில்லை.

ஆனால் அதே காலத்தில், அதே மலையில், அதே காலராவிலும் மலேரியாவிலும் செத்த எங்கள் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் கைடால் சொல்ல முடியாது, எங்களாலும் முழுசாகச் சொல்ல முடியாது. தேயிலைக்கு நடுவே, ஓடைக்கரையில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கொஞ்சம் தள்ளி ஒரு சரிவில் என்று ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு இடம் இருக்கும். மண்ணைக் குவித்து நாலு கல்லைச் சுற்றி வைப்பார்கள், ரெண்டு மழையில் போய்விடும். ரிட்டையர் ஆனால் லயத்து வீட்டைக் காலி பண்ணவேண்டும், வேலைக்கு வாரிசு இல்லாவிட்டால் குடும்பமே மலையைவிட்டு இறங்கிவிடும், அப்புறம் யார் வந்து அடையாளம் காட்டுவது? அப்பா அம்மாவை எங்கே புதைத்தோம் என்று தெரியாத குடும்பங்கள் எங்களில் நிறைய.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி பெட்டிமுடியில் நிலச்சரிவு வந்து எழுபது பேர் போனார்கள், எல்லாரும் எங்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், நிறையப் பேருக்குப் பூர்வீகம் கயத்தாறு. நாலு பேர் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைத்தவர்களை ராஜமலையில் எஸ்டேட் நிலத்தில் வரிசையாகப் புதைத்தார்கள். இந்தத் தடவை பெயர் எழுதி வைத்தோம். டிவியும் அமைச்சர்களும் வந்ததனால் மட்டும் இல்லை, முன்னால் போனவர்களுக்கு அதைச் செய்யாமல் விட்டது எங்கள் ஜனங்களுக்கு அவ்வளவு வலி.

அண்ணாச்சி, உங்கள் ஊரில் பதிவேடு இருக்கிறது, ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள், இடமும் சொந்த இடம். எங்களுக்கு இது மூன்றும் இல்லை. விட்டுவிடாதீர்கள்.

---

புலப்படம் எழுதியது:

வருவாய்த் துறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். உணர்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும், சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் நிலத்தின் கதை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கமிட்டியே சிக்கலில் மாட்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேட்டு "அ" பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்கிற பதிவேடு) நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) எடுங்கள், இரண்டுமே இப்போது அரசு இணையதளத்திலும் கிடைக்கும். "அ" பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டலச் சொத்துகளை வைத்திருக்கிற சங்கம்) பெயரில் பட்டாவாக இருக்கலாம், மயானப் புறம்போக்காக இருக்கலாம், சில ஊர்களில் பாதி பட்டா, பாதி புறம்போக்கு. மேற்குப் பாதி மட்டும் புறம்போக்கு மயானம் என்று வந்தால் அதில் வண்டி நிறுத்த இடம் பண்ண சபைக்கு அதிகாரமே கிடையாது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு பழைய பதிவேட்டுக்குப் போங்கள். யு.டி.ஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடு கலெக்டர் அலுவலகப் பதிவறையில் இருக்கும், விண்ணப்பம் எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாம். அதில் அதே இடம் "கல்லறை", "கிறிஸ்துவர் சுடுகாடு" என்கிற மாதிரி ஏதாவது பெயரில் வந்திருந்தால், அது கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆதாரம், உங்கள் ஆச்சி சொன்னதற்கு அரசாங்கச் சாட்சி. பழைய புலப்படத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோட்டம் எந்தப் பக்கம் வளர்ந்தது என்று கோடே சொல்லும். பழைய எல்லை மேற்கே இருந்து, கிழக்குப் பாதி பிற்பாடு சேர்த்த உட்பிரிவாக இருந்தால், மூத்தவர்கள் மேற்கேதான்.

கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும் மறக்காதீர்கள். மதராஸ் மாகாணத்தில் 1899 சட்டத்துக்குப் பிறகு கிராம அளவில் இந்தப் பதிவு ஒழுங்காக வந்தது. 1918 விஷக்காய்ச்சல் காலத்துக்கு அது உதவும்.

சட்டமும் ஒரு வரி சொல்லிவைக்கிறேன். புதைத்த இடத்தில் அத்துமீறி நுழைவது, மனம் புண்படும் என்று தெரிந்தே அதை அவமதிப்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் 297-ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 301. உங்கள் கமிட்டிக்கு அந்த எண்ணம் இல்லை என்று தெரியும், மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஜேசிபி வாளியில் எலும்பு வந்துவிட்டால் ஊருக்குள் என்ன ஆகும் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

கருவேலை வேரோடு பிடுங்கவும் வேண்டாம். வேர் குழிமேட்டுக்குள் போயிருக்கும், இழுத்தால் கல்லறையும் சேர்ந்து வரும். தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, தளிர்க்கத் தளிர்க்க வெட்டினால் போதும்.

---

கீழத்தெரு எழுதியது:

எல்லாரும் நல்ல யோசனை சொல்லியிருக்கிறீர்கள். யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். தேரிமணல், உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா?

சண்டைக்குக் கேட்கவில்லை. நம் பக்கம் பல ஊர்களில் ஒரே கோயில், ஒரே பந்தி, ஒரே அசனம் (கோயில் விருந்து) என்று பேசுவோம், செத்தால் மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம் தனி இடம். கத்தோலிக்கர்களிடத்திலும் இதே கதைதான், திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் மக்களைப் பிரிக்க நடுவே சுவரே நிற்கிறது, அதை எதிர்த்து எத்தனையோ போராட்டம் நடந்தாயிற்று. எங்கள் அப்பாவை நாங்கள் அடக்கம் செய்த இடத்துக்குப் பாதை கிடையாது, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனோம். அந்த இடம் எந்தச் சபை வரலாற்று மலரிலும் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

பதிவேட்டைப் புரட்டும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் அடக்கம் நடத்தியது ஒரே உபதேசியார்தான், எழுதியதும் ஒரே புத்தகத்தில்தான். நீங்கள் பதிவேட்டில் உள்ள பெயர்களையும் உங்கள் தோட்டத்துக் கல்லறைகளையும் பொருத்திப் பார்க்கப் போகிறீர்கள். பொருந்தாமல் மிஞ்சுகிற பெயர்கள் எல்லாம் மேற்குப் பாதியில் இருக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். இரண்டாவது இடம் இருக்குமானால் அதையும் அதே வரைபடத்தில் சேர்த்து, அதே சுவர்ப் பணத்தில் அதற்கும் ஒரு வேலியும் பாதையும் கேளுங்கள்.

---

தேரிமணல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொருவர் சொன்னதையும் அச்சடித்துக் கமிட்டிக்குக் கொண்டுபோனேன்.

சேகர குருவானவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். அட்டையைக் கறையான் தின்றிருக்கிறது, உள்ளே தாள் நன்றாகவே இருக்கிறது. 1877 மாசியில் எங்கள் ஊர் அடக்கம் மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் போகிறது. ஒரே வீட்டில் தாயும் மூன்று பிள்ளைகளும் ஒரு வாரத்துக்குள். அந்தத் தாய்தான் எங்கள் கல்லில் இருக்கிறவர், பெயர் ஞானபாக்கியம், வயது 28. பிள்ளைகளுக்குக் கல் இல்லை, ஆனால் அந்தக் கல்லறைக்கு இடது பக்கம் நித்தியகல்யாணி வரிசை தொடங்குகிறது. குருவானவர் அந்தப் பக்கத்தைக் கமிட்டியில் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் மட்டம் தட்டுகிற பேச்சு அப்படியே நின்றுவிட்டது. சுவர் மேற்குப் பாதியையும் சேர்த்துச் சுற்றி வரும், அஸ்திவாரம் கல்லறை வரிசைக்கு வெளியே தள்ளிப் போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். வண்டிகள் ரோட்டில் நிற்கட்டும்.

கீழத்தெரு கேட்டதற்குப் பதில்: ஆமாம், இரண்டு இருக்கிறது. குளத்துக்கரைக்குக் கீழே. அங்கே வேலியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அதையும் சர்வே எண்ணோடு சேர்த்துக் கொண்டுவந்து பேசினேன். கமிட்டியில் சிலர் முகம் சுளித்தார்கள், இளவட்டங்கள் என் பக்கம் நின்றார்கள். பாதைக்குக் கல்பதிப்பது மட்டும் இப்போதைக்குச் சம்மதம், வேலி அடுத்த கூட்டத்தில். நான் விடப்போவதில்லை. அங்கே அடக்கம் செய்கிறவர்களின் தெருவில் தொண்ணூறு வயதைத் தொட்ட ஒரு பாட்டி இருக்கிறார்கள், யார் யார் எங்கே என்று கைகாட்டிச் சொல்கிறார்கள், எழுதத் தொடங்கிவிட்டோம்.

இன்னும் ஒரு உதவி வேண்டும். பதிவேட்டைப் போனில் படம் எடுக்கக் குருவானவர் அனுமதி கொடுத்துவிட்டார். கமிட்டிச் செயலாளர், தாள் உதிராமல் இருக்க லேமினேட் பண்ணிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

---

கல்லெழுத்து எழுதியது:

லேமினேட் வேண்டவே வேண்டாம், தம்பி. சூடு பட்டு மை மாறும், பிளாஸ்டிக் ஒட்டினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது, உள்ளே தாள் பழுத்து நொறுங்கும். செல்லோடேப்பும் கூடாது, பசையும் கூடாது. புத்தகத்தை முழுசாக விரித்து அமுக்காதீர்கள், முதுகு விட்டுவிடும். இரண்டு பக்கமும் தலையணை மாதிரி துணி மடித்து வைத்துப் பாதி திறந்த நிலையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் பக்கம் பக்கமாக எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாமல் எடுங்கள், அப்போதுதான் வரிசை பிசகாது. ஒரு பிரதி சேகரத்தில், ஒரு பிரதி வெளியூரில் இருக்கிற யாராவது ஒருவரிடம்.

எடுத்து முடித்ததும் புத்தகத்தைப் பருத்தித் துணியில் சுற்றி, கறையான் ஏறாத இரும்பு அலமாரியில், சுவரை ஒட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். பாட்டி சொல்வதை எழுதுவதோடு நிறுத்தாமல் அவர்கள் குரலையும் பதிவுபண்ணுங்கள். முடிந்தால் அவர்களை அந்த இடத்துக்கே நாற்காலியில் கூட்டிக்கொண்டு போய், கைகாட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண் எழுதிய கல்லை வைத்து, அந்த எண்ணை உங்கள் வரைபடத்திலும் போட்டுவிடுங்கள். மழைக்கு முன்னால் செய்துவிட்டால் நல்லது.